வாட்டுக்குச் செலவழித்தேன், காதை மறந்தேன்: வாகனத்துக்கும் முகாமுக்கும் ரேடியோ அமைத்த அனுபவம்

மூன்று வண்டிகளில் மலைக்காட்டு முகாமுக்குப் புறப்பட்ட எங்கள் குழு, பிற்பகல் நான்கு மணிக்குப் பிரிந்து, இரவு ஏழேகால் மணிக்குத்தான் மறுபடி ஒன்றுசேர்ந்தது. கடைசி வண்டியில் அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில் அந்த வண்டியின் பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. நாங்கள் அதை அறியாமல் ஒரு மலைமுகட்டைத் தாண்டி, நாலரை கிலோமீட்டர் முன்னால் போய்விட்டோம். எங்கள் எல்லோர் கையிலும் வாக்கி டாக்கி இருந்தது. பெட்டியின் மேல் முப்பது கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த, உரிமம் தேவைப்படாத வகைக் கருவிகள். இரண்டு கிலோமீட்டரிலேயே குரல் உடைந்தது; முகட்டைத் தாண்டியதும் இரைச்சல்கூட வரவில்லை. இருட்டிய பிறகு, வந்த வழியே திரும்பிப்போய் அவர்களைக் கண்டுபிடித்தபோது, அத்தான் கோபப்படவில்லை. "நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன் தம்பி, பேட்டரி தீர்ற வரைக்கும் பேசினேன்" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அன்றிரவே, இதை ஒழுங்காகச் செய்துகாட்டுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒழுங்காக அமைய பதினான்கு மாதங்கள் ஆயின. செலவழித்த தொகையில் ஏறத்தாழப் பாதிக்கு வாங்கிய பொருள்கள் இன்றும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பயன்படாமல் கிடக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. வாங்கியதில் பெரும்பகுதி உரக்கப் பேசுவதற்கான பொருள். தெளிவாகக் கேட்பதற்காக நான் வாங்கியவை மிகக் குறைவு. இந்த ஒரு கோணல்தான் என் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர்.

முதலில் அந்த முப்பது கிலோமீட்டர் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 140 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே போகின்றன. நடுவில் மலை வந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், சமதரையில் ரேடியோவின் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே, 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்த கருவிக்கு அது 5 கிலோமீட்டர். எதிராளியும் அப்படியே பிடித்திருந்தால் இருவருக்கும் சேர்த்து 10 கிலோமீட்டர்; அதுவும் மரமோ மேடோ இல்லாத வெட்டவெளியில். 100 மீட்டர் உயரமான குன்றின் மேல் நிற்பவருக்கு அடிவானம் 41 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. பெட்டியில் அச்சிடும் தூரம் அப்படிப்பட்ட குன்றிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசும்போது கிடைப்பது. காட்டுப் பாதையில், உலோகக் கூடான காருக்குள் உட்கார்ந்து, விரல் நீள ரப்பர் ஆண்டெனாவில் பேசும்போது கிடைப்பதன்று. இந்தச் சிறு பெருக்கலை நான் முன்பே போட்டிருந்தால், அத்தான் வண்டியை எங்களுக்கும் முன்னால் விட்டிருப்பேன்.

உரிமம் தேவைப்படாத கருவிகளின் ஆற்றலைச் சட்டமே கட்டுப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பாவின் 446 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு 0.5 வாட்தான் உச்சவரம்பு. ஆண்டெனாவைக் கழற்றி மாற்றவும் அனுமதி இல்லை. வேறு நாடுகளில் எண்கள் மாறும், போக்கு பெரிதாக மாறாது. ஆகவே பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோருக்கான அமெச்சூர் உரிமத்துக்குப் படித்துத் தேர்வு எழுதினேன். எனக்கு உரிமம் கிடைத்த மகிழ்ச்சியில் நான் கவனிக்கத் தவறியது என்னவென்றால், அது வண்டிக்கோ குழுவுக்கோ கிடைப்பதில்லை, ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பெற வேண்டியது. நான் மூன்று செட் வாங்கி அடுக்கிவிட்டு அத்தானிடம் ஒன்றைக் கொடுத்தபோதுதான், அவரும் தேர்வு எழுதாமல் அதில் தன் பாட்டுக்குப் பேச முடியாது என்பது உறைத்தது. ஐந்து மாதங்கள் அப்படியே கழிந்தன. கருவி வாங்குவதற்கு முன், உங்கள் நாட்டில் எந்த வகை ரேடியோவுக்கு யார் யார் உரிமம் பெற வேண்டும், அந்த வகையில் ரிப்பீட்டருக்கு (கேட்டதைத் திருப்பி அனுப்பும் நடுக் கருவிக்கு) இடமுண்டா, ஆள் இல்லாத இடத்தில் அதை வைக்கத் தனி அனுமதி வேண்டுமா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் குடும்பம் முழுவதற்கும் ஒரே உரிமம் போதுமான வகைகளும் உண்டு. அது உங்களுக்குக் கிடைக்குமானால் எங்களைப் போலக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு 50 வாட் செட்டை வண்டியில் பொருத்தினேன். 5 வாட்டிலிருந்து 50-க்குப் போனால் பத்து மடங்கு தூரம் போகும் என்று நினைத்தேன். பத்து மடங்கு ஆற்றல் என்பது, சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் டெசிபல் கணக்கில் வெறும் 10 டெசிபல். சிக்னல் மீட்டரில் ஒரு படிக்கு 6 டெசிபல் என்பது வழக்கமான அளவு. அதாவது முள் இரண்டு படிகூட முழுதாக ஏறாது. அந்த இரண்டு படியையும் நான் பெறவில்லை. காரணம், செட்டுக்கு மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்திருந்தேன். பேசும் பொத்தானை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் மங்கி, அணைந்து, மறுபடி உயிர்பெற்று வரவேற்பு எழுத்துகளைக் காட்டியது. மூன்றாம் முறை அழுத்தியபோது ஃப்யூஸ் போனது. 50 வாட் வெளியே அனுப்பும் செட் 12 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சாக்கெட்டின் ஃப்யூஸோ 10 அல்லது 15 ஆம்பியர், அதற்குப் போகும் கம்பியும் மெலிது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில், போகவும் வரவும் சேர்த்து 8 மீட்டர் நீளத்துக்கு, 12 ஆம்பியர் ஓடும்போது 1.1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. அதே நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுங்கள். ஃப்யூஸைச் செட்டுக்கு அருகில் வைக்காமல் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள், ஏனெனில் இரும்புத் தகட்டில் உரசி அறுந்து தீப்பிடிக்கக்கூடியது நடுவில் ஓடும் கம்பிதான். புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் எதிர்முனையில் ஓர் உணர்வி இருக்கும். அத்தகைய வண்டியில் கறுப்புக் கம்பியை அந்த முனையில் கட்டாமல், அருகில் உடற்கூட்டோடு இணையும் போல்ட்டில் கட்ட வேண்டும்.

ஆண்டெனா விஷயத்தில் என் அறியாமை இன்னும் பெரியது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, அதிக ஆதாயம் தரும், அதாவது சிக்னலை வலுவாக்கும் ஆண்டெனாவை வாங்கி, காந்தத் தாங்கியோடு கூரையின் ஓரத்தில் ஒட்டி, கேபிளைப் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்தேன். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது. முதல் பயணத்தில் ஒரு கிளை அதைத் தட்டிச் சாய்த்தது. நிமிர்த்தி ஒட்டிவிட்டு ஓட்டினேன். தொலைவில் இருந்தவர்களுக்கு என் குரல் நாளுக்கு நாள் மங்கியது. ஆண்டெனாவிலிருந்து ஆற்றல் திரும்பி வருவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால் முள் 3-ஐத் தாண்டி நின்றது. அனுப்புவதில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். அந்த அளவில் செட் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே ஆற்றலையும் குறைத்துவிடும். கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனபோது, கதவு அழுத்திய இடத்தில் அது தட்டையாக, பட்டையான நூல் போலக் கிடந்தது. கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளிருந்த செப்புப் பின்னல் பச்சை பூத்து, பிதுக்கினால் ஒரு துளி கலங்கல் நீர் வந்தது. மூன்று மாத மழை அந்த நசுங்கிய இடத்தின் வழியாக உள்ளே இறங்கி, பின்னலின் வழியே ஊர்ந்து, கனெக்டர் வரை போயிருந்தது. கேபிள், கனெக்டர் இரண்டையும் தூக்கிப்போட்டேன்.

அதற்குப் பதிலாகப் பொருத்தியது, கால் அலை நீளமுள்ள வெறும் எஃகுக் குச்சி. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 146 மெகாஹெர்ட்ஸுக்கு அது 2 மீட்டர் சொச்சம், அதன் கால்பங்கு ஏறத்தாழ அரை மீட்டர். இந்தக் குச்சி கூரையின் நடுவில் நிற்கும்போது, சுற்றியுள்ள உலோகத் தகடே ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. ஓரத்தில் ஒட்டினால் ஒரு பக்கம் பாதி இல்லாத ஆண்டெனாதான். கூரை கண்ணாடி இழையால் ஆனதென்றால் காந்தமும் ஒட்டாது, தகடும் இல்லை. அங்கே அடியில் தகடு, அதாவது தரைத்தளம், தேவைப்படாத அரை அலை ஆண்டெனாவைத் தேட வேண்டும். நீண்ட ஆண்டெனாவின் ஆதாயம் வானத்திலிருந்து குதிப்பதன்று, மேலும் கீழும் போகிற அலையைப் பிழிந்து அடிவானத்தை நோக்கித் தள்ளுவதுதான். சமவெளியில் அது நல்லது. மலைக்குக் கீழே நின்று உச்சியில் இருப்பவரோடு பேச முயல்பவருக்குக் குட்டைக் குச்சியே மேல். என் வாழ்க்கையில் விலை குறைந்த பொருள் விலை கூடியதைத் தோற்கடித்த அரிய தருணங்களில் அதுவும் ஒன்று.

வண்டிகள் சரியான பிறகும் மலைமுகடு அங்கேயேதான் இருந்தது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் முகட்டின் மேல் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, அதே நொடியில் வேறொன்றில் திருப்பிச் சொல்லும் கருவி அது. இரண்டு செட்டுகளை ஒரு கம்பியால் இணைத்தால் போதும் என்று எங்கோ படித்துவிட்டு, 430 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வைத்து ஒன்றைக் கேட்கவும் மற்றதைப் பேசவும் அமைத்து, ஆண்டெனாக்களை இரண்டு மீட்டர் தள்ளி நட்டேன். பக்கத்தில் நின்று பேசியபோது அருமையாக வேலை செய்தது. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும், பேசத் தொடங்கினால் ரிப்பீட்டர் திக்கித்திக்கி விழிப்பதும் அணைவதுமாக இருந்தது. டக்... டக்... டக் என்று சீரான தாளம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் மூன்று வார இறுதிகளைத் தொலைத்தேன். இணைப்புக் கம்பியை நான்கு முறை மாற்றிச் சால்டர் வைத்தேன்.

நடந்தது இதுதான். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்கும் செட்டை எழுப்புகிறது. உடனே பக்கத்துச் செட் பேசத் தொடங்குகிறது. அதன் உரத்த குரலில் கேட்கும் செட்டின் காது அடைத்துப்போகிறது. குரல் மறைந்துவிட்டதாக நினைத்து ரிப்பீட்டர் வாயை மூடுகிறது. மூடியதும் காது திறக்கிறது, மறுபடி குரல் கேட்கிறது. நல்ல செட் 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடக் கேட்கும். அதற்கும் பக்கத்தில் நின்று கத்துகிற 10 வாட்டுக்கும் இடையிலான விகிதம், ஒன்றுக்குப் பின் 16 சுழியம் போடும் அளவு. இரண்டு மீட்டர் இடைவெளி அதில் முப்பது டெசிபலைத்தான் குறைக்கும். அதிர்வெண் வேறாக இருப்பதால் ஒரு பங்கைச் செட்டே தடுத்துவிடும்; அது போகவும் தேவை 75-க்கு மேல். இரண்டு ஆண்டெனாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை விட ஒன்றன் மேல் ஒன்றாக, செங்குத்தாக வைத்தால் பிரிவு கூடும். அதுவும் போதாதபோது டியூப்ளெக்சர் என்ற உலோகப் பெட்டி வேண்டும். தன் குரலைத் தன் காதுக்குப் போகவிடாமல் வடிகட்டுவதே அதன் வேலை.

சிறிய டியூப்ளெக்சர் ஒன்றை வாங்கினேன். அது வேறோர் அதிர்வெண் இணைக்கு ஒத்திசைத்து வந்திருந்தது. மேலே இருந்த திருகாணிகளைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. திருக்குறடும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருகினேன். ஒவ்வொன்றும் மற்றதைப் பாதிக்கும் ஆறு திருகாணிகளை அளவுக் கருவி இல்லாமல் திருகுவது, காதை அடைத்துக்கொண்டு வீணைக்குச் சுருதி கூட்டுவதைவிட மோசம். இரண்டு மணி நேரத்தில் அதன் பழைய ஒத்திசைவையும் அழித்துவிட்டேன். டியூப்ளெக்சர் வாங்குவதானால், உங்கள் இரண்டு அதிர்வெண்களையும் எழுதிக் கொடுத்து, அதற்கு ஒத்திசைத்து அளவு வரைபடத்தோடு அனுப்பச் சொல்லுங்கள், வந்தபின் தொடாதீர்கள். அதற்கும் செட்டுக்கும் இடையில் ஓரடுக்குப் பின்னல் கொண்ட மலிவுக் கேபிளைப் போடாதீர்கள், அலை அதன் வழியாகவே கசிந்துவிடும். 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இடைவெளி பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், அங்கே ஆளுயரக் குழாய்களை வைத்துத்தான் பிரிக்க முடியும். முகாமுக்குத் தூக்கிப்போகும் பொருளன்று அது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது, வண்டியில் ஏற்கெனவே இருந்த செட்டுக்குள் நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒரு வசதி. இரண்டு பட்டைகளையும் கையாளும் செட்டுகள் சிலவற்றில், 430 பட்டையில் கேட்டதை 144 பட்டையிலும், அதில் கேட்டதை இதிலும் திருப்பிச் சொல்லும் குறுக்குப் பட்டை ரிப்பீட்டர் வசதி இருக்கும். இரண்டு அதிர்வெண்களும் வெகு தொலைவில் இருப்பதால் டியூப்ளெக்சர் வேண்டாம், ஒரே ஆண்டெனா போதும். பல மாதங்கள் அந்தச் செட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே ரிப்பீட்டர் கட்டப் பாடுபட்டிருக்கிறேன் என்பது தெரிந்தபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதிலும் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். எழுதி வைக்க எளிதாக இருக்கிறதே என்று 145.5, 436.5 என்ற இணையைத் தேர்ந்தேன். செட் ஒருமுறை பேசத் தொடங்கினால் நிற்கவே இல்லை. 145.5-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 436.5. எந்தச் செட்டும் தன் அதிர்வெண்ணின் மூன்றாம் மடங்கிலும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவையே அது தன் மறுகாதால் கேட்டு, யாரோ பேசுகிறார்கள் என்று நம்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தது. மேல் அதிர்வெண்ணை இரண்டு மெகாஹெர்ட்ஸ் நகர்த்தியதும் அமைதியானது.

டோன் பற்றியும் சொல்ல வேண்டும். 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை, குரலோடு சேர்ந்து போய், ஒலிபெருக்கிக்கு வருமுன் செட் வடிகட்டிவிடும் இந்தத் தாழ்ந்த ஒலியைச் சில பெட்டிகளில் தனிமைக் குறியீடு என்று அச்சிடுகிறார்கள். அதில் தனிமை எதுவும் இல்லை. அந்த டோன் இல்லாத குரலை உங்கள் ஒலிபெருக்கி மறைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பேச்சை எவரும் கேட்கலாம். ஒரு பயணத்தில் அத்தான் செட்டில் 88.5 வைப்பதற்குப் பதில் அடுத்த எண்ணை வைத்துவிட்டேன்; ஆண்டெனாதான் கெட்டுவிட்டது என்று கம்பத்தை இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். குரல் வரவில்லை என்றால், கேட்கும் பக்கத்து டோனை அணைத்துவிட்டுக் கேட்பதுதான் முதல் வேலை. ஏணி அதற்குப் பிறகு.

முகட்டின் மேல் வைக்கும் அமைப்பு இப்போது ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. செட்டை 10 வாட்டுக்கு மேல் வைப்பதில்லை. ரிப்பீட்டராக இயங்கும்போது அது ஓயாமல் பேசுவதால் 50 வாட்டில் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். அதோடு, உயரத்தில் நிற்கும் ரிப்பீட்டர் கையடக்கக் கருவியின் குரலைக் கேட்க முடியாத தூரத்துக்குத் தன் குரலை மட்டும் அனுப்பி என்ன பயன்? 20 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருக்கிறது. சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 4 ஆம்பியர் என்று வைத்து, பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பேச்சு என்று கணக்கிட்டால் 8.5 ஆம்பியர் மணி செலவாகும். பகல் முழுவதும் கழிந்தும் பாதி மிஞ்சும். ஆறு மீட்டர் கண்ணாடி இழைக் கம்பத்துக்கு மூன்று திசையிலும் கயிறு கட்டுகிறோம். கேபிள் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்காத பொருள். ஆர்.ஜி. 58 வகை மெல்லிய கேபிளில் பத்து மீட்டர் போட்டால், 440 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 4 டெசிபல் போய்விடும். செட் தரும் ஆற்றலில் பாதிகூட மேலே சேராது. இதில் நான் வெகுநாள் கவனிக்காதது, வருகிற குரலும் அதே கேபிள் வழியாகத்தான் இறங்குகிறது என்பது. போகிற குரலை வாட் கூட்டிச் சரிகட்டலாம். மேலே கிடைத்து வழியில் தொலைந்த மெல்லிய குரலை எந்தச் செட்டாலும் மீட்க முடியாது. கனெக்டர்கள் மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுகிறேன். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விடுகிறேன், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

சென்ற பயணத்தில் அதே ஓடைக்கடவில் அத்தானின் வண்டி மறுபடி நின்றது. இம்முறை அவரே வேண்டுமென்று நிறுத்தினார். இப்போது அவருக்கும் உரிமம் உண்டு. உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக் குறியை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, "தம்பி, தெளிவா கேக்குது, நீ மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்றார். இரண்டு நாள் அந்த அமைப்பு எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குத் தொலைவில் இடி உறுமியது. முகட்டின் மேல் நட்ட கம்பம் மின்னலுக்கு விரித்த பாய். யோசிக்காமல் கேபிளைக் கழற்றிக் கம்பத்தை இறக்கிவிட்டோம். ரிப்பீட்டர் இல்லாத நேரத்துக்கென்று முன்பே பேசி வைத்திருந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது, மழையும் மின்னலும் ஓய்ந்திருந்தால், இரண்டு பக்கமும் கருவியோடு அருகிலுள்ள மேட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் காதைக் கொடுத்து நின்றோம். எட்டு மணிக்கு ஒருமுறை, ஒன்பது மணிக்கு ஒருமுறை, இரைச்சலுக்கு நடுவே அத்தானின் குரல் வந்து போனது.